சிவப்புக் காருக்கு ஓடுங்கள்

மூங்கில்பாலத் தோட்டத்தில் மலை வெடித்திருக்கிறது என்று சொன்னதற்கு, மேலிடம் எடுத்த முதல் நடவடிக்கை நாய்களைப் பற்றியதாக இருந்தது.

ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையில் பாதித் தூரத்தில் இருக்கிறது அந்தத் தோட்டம். இது நடந்தது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில். தொழிலாளர் குடும்பங்கள் வரிசை அறைகளில் குடியிருக்கும் கீழ் லயத்துக்குப் பின்னால் தேயிலைக்கு நடுவே மண் வாய் திறந்து கிடந்ததை முதலில் கண்டவள் பாப்பம்மா. கொழுந்து பறிக்கிறவள். விறகு வெட்டப் போன இடத்தில் அவளுடைய கத்தி கைதவறி அந்த வெடிப்புக்குள் விழுந்தது. கையை விட்டுத் துழாவினாள், எட்டவில்லை. கல்லைப் போட்டுப் பார்த்தாள், சத்தம் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கத்தி போய்விட்டதே என்று புருஷன் அழகமுத்துவிடம் அழுதாள். அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். நேரே தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் மாரிமுத்துவின் லயக் காம்பராவுக்கு நடந்தான்.

மாரிமுத்து தோட்டத்தை நடத்தும் பெரிய தொரையிடம் போனார். "லயத்த வேற எடத்துல கட்டித் தாங்க தொர. மழ வந்தா மொத்தமா கீழ போயிருவோம்" என்றார். தொரை கொழும்புக்கு எழுதினார். கொழும்பு வேறு ஒரு காரியாலயத்துக்கு எழுதியது. கடைசியில் ஒரு ஜீப் வந்து, நான்கு ஐயாமார் இறங்கி, வெடிப்பை எட்ட நின்று பார்த்து, தலையை ஆட்டி, லயத்து வாசலில் ஒரு பெரிய பலகையை நட்டுவிட்டுப் போனார்கள்.

பலகையில் சிங்களத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. மலை சரிவதைச் சிங்களத்தில் 'நாய யாம' என்பார்கள்; 'யாம' என்றால் போவது. தமிழ் வரியை எழுதியவர் அதில் பாதியை மட்டும் மொழிபெயர்த்து, மீதியைத் தன் ஊகத்தால் நிரப்பியிருந்தார்.

"எச்சரிக்கை! இது நாய் போகும் பிரதேசம்."

லயத்து ஆட்கள் கூடி நின்று படித்தார்கள். நாய் எங்கே போனால் அரசாங்கத்துக்கு என்ன என்று யாருக்கும் விளங்கவில்லை. என்றாலும் அரசாங்கப் பலகை. பாப்பம்மா தன் நாயைத் தூணில் கட்டினாள். மற்றவர்களும் கட்டினார்கள். மறுநாள் பாண் விற்க வந்த சிங்களக்காரர்தான் மேல் வரியைப் படித்துவிட்டு, சைக்கிளை விட்டு இறங்காமலேயே திருப்பிக்கொண்டு போனார். ஆக, அந்தப் பலகையின்படி சிங்களம் படிக்கத் தெரிந்தவர்கள் ஓடலாம். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நாயைக் கட்டலாம்.

மாரிமுத்து விடவில்லை. மறுபடி தொரையிடம் போனார், மாத்தளைக்குப் போனார், தொழிற்சங்கக் காரியாலயத்தின் படியில் உட்கார்ந்தார். அதன் பலனாக ஒரு நாள் காலை, வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக் களத்துக்கு ஒரு வெள்ளை வாகனம் வந்தது. அதன் பக்கத்தில் 'பெருந்தோட்ட அனர்த்த மெய்நிகர்ப் பயிற்சி நிறுவகம், மாத்தளை' என்று எழுதியிருந்தது. உள்ளிருந்து கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் இறங்கினார். அவர்தான் நிறுவகத்தின் பணிப்பாளர் தியாகராஜா. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் உத்தியோகம் பார்த்து, வெளிநாடுகளில் கருத்தரங்குகள் பார்த்தவர். மலையை அன்றுதான் பார்த்தார்.

"அன்பான தொழிலாளர்களே," என்று தொடங்கினார். "நீங்கள் வீடு கேட்டிருக்கிறியள். நான் குறை சொல்லேல்ல. ஆனா வீடு எண்டது ஒரு பழைய தீர்வு. உலகம் அதைக் கைவிட்டிட்டுது. வீட்டை மாத்தினால் நீங்கள் ஒரு மலையில இருந்துதான் தப்பலாம். அறிவை மாத்தினால் எல்லா மலையில இருந்தும் தப்பலாம். ஆகவே உங்களுக்கு நாங்கள் மெய்நிகர்ப் பயிற்சி தரப்போறம்."

முன்வரிசையில் நின்ற பாப்பம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மெய்நிகர்னா என்னங்க சார்?"

"மெய்க்கு நிகரானது. உண்மை போலவே இருக்கும்."

"அப்ப உண்மை இல்லீங்களா?"

"உண்மையை விடத் திறமானது, அம்மா. உண்மையில ஒருதரம்தான் சாகலாம். இதில எத்தினை தரமும் செத்துப் பழகலாம்."

பெரிய தொரை கைதட்டினார். தொரை தட்டியதால் கங்காணிமார் தட்டினார்கள். கங்காணிமார் தட்டியதால் எல்லாரும் தட்டினார்கள்.

மறுவாரம் லயத்து ஆட்களை லொறியில் ஏற்றி மாத்தளைக்குக் கொண்டுபோனார்கள். வழியில் சோதனைச் சாவடியில் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, சேலை முந்தானையை உதறச் சொல்லி, மறுபடி ஏற்றினார்கள். அது அந்த யுத்த காலத்து வழக்கம். அதற்கு யாரும் பயிற்சி கொடுக்கத் தேவைப்படவில்லை.

நிறுவகம் சந்தைக்குப் பின்புறம் ஒரு புதுக் கட்டடத்தில் இருந்தது. உள்ளே கம்ப்யூட்டருக்காகக் குளிரூட்டியிருந்தார்கள். ரிவர்ஸ்டன் பனியில் வெறுங்காலோடு நிற்கிற பெண்கள் அங்கே பல் கிட்டி நடுங்கினார்கள். நடுவில் ஒரு நாற்காலி. அதற்கு மேலே கொக்கியில் கறுப்பு நிறத்தில் ஒரு தலைக்கவசம், அதிலிருந்து தொங்கும் வயர்கள். அதைத் தலையில் மாட்டினால் கண்ணுக்கு முன்னால் வேறோர் உலகம் தெரியும். கையில் கொடுத்திருக்கும் குச்சியைத் தள்ளினால் அந்த உலகத்தில் நடக்கலாம். மாட்டியவர் பார்ப்பது சுவரில் உள்ள திரையிலும் விழும்.

இயந்திரத்தை இயக்குகிறவன் உக்குவளைப் பையன் ஸெய்னுலாப்தீன். கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலை தேடி அலைந்து, இங்கே வந்து சேர்ந்தவன். சூட்சுமத்தை அவன்தான் பிறகு பாப்பம்மாவிடம் சொன்னான். அந்த இயந்திரம் ஏதோ ஒரு குளிர் நாட்டிலிருந்து தானமாக வந்தது. அதில் இருந்தது மண்சரிவு அல்ல, பனிச்சரிவு. இங்கே பனிக்கு மண்ணிறம் அடித்துவிட்டார்கள். மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஆகவே, பாப்பம்மா தலைக்கவசத்தை மாட்டியதும் ஊசியிலை மரங்களும் மரவீடுகளும் உள்ள ஒரு கிராமத்தில் நின்றாள். பாதையில் ஒரு மனுசரும் இல்லை. ஆனால் எல்லா வீட்டு ஜன்னலிலும் விளக்கு எரிந்தது. எங்கோ இடி போல் ஓர் ஓசை. ஒரு பெண் குரல் சுத்தமான தமிழில் சொன்னது: "மலை சரிகிறது. தயவுசெய்து பதற்றமடைய வேண்டாம். உங்கள் வாகனத்தின் சாவியை எடுத்துக்கொள்ளவும்."

பாப்பம்மா பதறிப்போனாள். "சாவியா? எங்கிட்ட ஏதுங்க சாவி? எங்க காம்பராவுக்குப் பூட்டே கெடையாதுங்க!"

அவள் சொல்லி முடிப்பதற்குள் மண்ணிறப் பனி வந்து மூடியது. திரையில் பெரிய எழுத்தில் 'நீங்கள் உயிரிழந்துவிட்டீர்கள்' என்று விழுந்தது.

மண்டபத்தின் இடது ஓரத்தில் ஒரு நீள வாங்கு போட்டிருந்தார்கள். உயிரிழந்தவர்கள் அதில் போய் உட்கார வேண்டும், பேசக் கூடாது, தேநீரும் கிடையாது. தேநீர் உயிர் பிழைத்தவர்களுக்கு மட்டும். அன்று மாலை வரைக்கும் யாரும் உயிர் பிழைக்கவில்லை. ஆக்கிவைத்த தேநீரைப் பணிப்பாளரும் ஸெய்னுலாப்தீனும் மட்டும் குடித்தார்கள். அந்தத் தேயிலையைப் பறித்தவர்கள் வாங்கில் வரிசையாகச் செத்துக் கிடந்தார்கள்.

அழகமுத்துவின் முறை வந்தபோது, அவன் விளக்கெரிந்த ஜன்னல்களைப் பார்த்தான். பிறகு குச்சியைத் தள்ளி முதல் வீட்டுக் கதவுக்குப் போனான். இரண்டாவது வீட்டுக்குப் போனான். மூன்றாவது வீட்டுக்குப் போகும்போது செத்தான்.

தியாகராஜா எழுந்து வந்தார். "நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"கதவத் தட்டுனேன் சார்."

"ஏன்?"

"வெளக்கு எரிஞ்சிச்சு. உள்ள ஆளு இருப்பாங்கன்னு..."

"உள்ள ஒருத்தரும் இல்லை. அது படம். உங்கட வேலை தப்பி ஓடுறது. மற்ற ஆக்களின்ர கதவைத் தட்டுறது இந்தப் பயிற்சியில ஒரு பாரதூரமான பிழை. அதுக்குப் புள்ளி குறைப்பினம். விளங்குதோ?"

"வெளங்குது சார்" என்றான் அழகமுத்து. மறுமுறையும் கதவைத் தட்டினான். அதற்கு அடுத்த முறையும் தட்டினான். அவனுக்குக் கை வேறு மாதிரிப் பழகியிருந்தது. நிறுவகத்தார் அவனைப் 'பயிற்றுவிக்க முடியாதவர்' என்று ஒதுக்கினார்கள்.

பாப்பம்மாவுக்கு வேறு விதமாக விடிந்தது. அடுத்த தடவை போனபோது, பணிப்பாளர் வெளியே போன நேரம் பார்த்து, ஸெய்னுலாப்தீன் அவள் காதோடு சொன்னான்.

"அக்கா, நான் ஒன்னு செல்றேன், யாருக்கும் செல்லாதீங்க. மல, மண் எல்லாத்தையும் மறந்துடுங்க. மாட்டினதும் வலது கைப்பக்கம் திரும்புங்க. ஒரு சிவப்புக் கார் ஈக்கும். நேரா அதுக்கு ஓடுங்க. கார்ல முட்டினா பாஸ்."

"சாவி வேணாமா தம்பி?"

"சாவி கார்லயே ஈக்கு. அந்த நாட்டுல அப்புடித்தானாம்."

பாப்பம்மா வலது பக்கம் திரும்பினாள். சிவப்புக் கார் நின்றது. ஓடி முட்டினாள். மண்டபத்தில் மணி அடித்தது. தியாகராஜா ஓடி வந்து அவளுக்கு இரண்டு கையாலும் தேநீர் கொடுத்தார். மூங்கில்பாலத் தோட்டத்தில் மண்சரிவிலிருந்து தப்பிய முதல் தொழிலாளி அவள்.

அதன்பிறகு வாங்கு மெல்ல மெல்லக் காலியானது. இளசுகள் எல்லாரும் சிவப்புக் காரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கொழுந்து மலையில் வேலை நடுவே யாராவது "மலை சரியுது!" என்று கத்தினால் எல்லாரும் வலது பக்கம் திரும்பிச் சிரிப்பார்கள். பார்வை மங்கிய கிழடுகளுக்கும், தலையில் மாட்டினால் வாந்தி எடுக்கிறவர்களுக்கும், அழகமுத்துவுக்கும் மட்டும் கார் கடைசி வரை அகப்படவில்லை.

லயத்தில் இருந்து பார்த்தால் வெடிப்பு இப்போது கண்ணுக்குத் தெரிந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. லயத்துக் குடிநீர்ப் பீலியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. பாப்பம்மாவின் காம்பராக் கதவு சட்டத்தில் இறுகி, அடைபடாமல் நின்றது. அந்தக் கிழமையில்தான் நிறுவகம் மாத்தளை மண்டபத்தில் சான்றிதழ் வழங்கும் விழாவை வைத்திருந்தது. மாரிமுத்து நனைந்துகொண்டே தொரையின் காரியாலயத்துக்குப் போய், அங்கிருந்து தியாகராஜாவுக்குத் தொலைபேசியில் பேசினார்.

"சார், விழாவத் தள்ளிப் போடுங்க. லயத்த விட்டு எல்லாத்தையும் கெளப்பணும். கோயிலுக்காவது கொண்டு போகணும். மல நிக்காது போல இருக்கு."

"தலைவர், பிரதம விருந்தினருக்குத் திகதி குடுத்தாச்சு. மாத்த ஏலாது. நீங்கள் ஏன் பயப்பிடுறியள்? மலை சரிஞ்சா என்ன செய்யிறதெண்டு உங்கட ஆக்களுக்கு இப்ப தெரியும்தானே. அதுக்குத்தானே இவ்வளவு நாளும் படிப்பிச்சனாங்கள்."

பயிற்சியில் தேறியவர்களில் விழாவுக்கு வராதவர்களுக்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், கிடையாது என்று தொரை அறிவித்தார். பாப்பம்மா போக மாட்டேன் என்றாள். அவள்தான் மேடையில் தலைக்கவசம் மாட்டி, பிரதம விருந்தினர் முன்னால் தப்பிக் காட்ட வேண்டியவள்.

"நீ போ புள்ள" என்றான் அழகமுத்து. "நீ போகாட்டி தொர தலைவரத்தான் புடிப்பாரு. இங்க நான் இருக்கேன்ல."

"நீங்களும் வாங்க."

"நான் செத்தவன். என்ன எங்க ஏத்தப் போறாங்க?" என்று சிரித்தான்.

சித்தியடைந்தவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் போனது. தவறியவர்கள் லயத்தில் இருந்தார்கள். கிழவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், பிள்ளை மடுவத்துக் குழந்தைகள், அழகமுத்து.

மாத்தளை மண்டபத்தில் பிரதம விருந்தினர் வரும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் வந்ததும் குத்துவிளக்கு ஏற்றினார்கள். மூன்று மொழியில் வரவேற்றார்கள். தியாகராஜா பேசினார். "இந்த நாட்டில அனர்த்தங்களைத் தடுக்க ஏலாது. ஆனா அனர்த்தத்துக்குப் பிறகு 'எங்களுக்குத் தெரியாது' எண்டு மக்கள் சொல்லுறதைத் தடுக்கலாம். அந்த வகையில எங்கட நிறுவகம் ஒரு மைல்கல்."

பிறகு பாப்பம்மாவை மேடைக்கு அழைத்து, நாற்காலியில் உட்கார வைத்து, தலைக்கவசத்தை மாட்டினார்கள். ஊசியிலைக் கிராமம் வந்தது. இடி ஓசை காதை அடைத்தது.

அந்த நேரத்தில் மேடைக்குப் பின்னால் நின்ற ஸெய்னுலாப்தீனின் கைத்தொலைபேசி அடித்தது. ரத்தோட்டையில் கடை வைத்திருக்கும் அவன் மாமா. பேச்சை அவன் முழுதாகக் கேட்கவில்லை. ஓடிப்போய்த் தியாகராஜாவின் காதில் சொன்னான்.

"சேர், மூங்கில்பாலத்துல மல எறங்கிட்டாம். லயம் போயிட்டாம். நிப்பாட்டணும் சேர்."

தியாகராஜா பிரதம விருந்தினரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். குரலை அடக்கிக்கொண்டு சொன்னார்: "உனக்கு விசரோ? ஒரு உண்மைச் சம்பவத்துக்காகப் பயிற்சியை இடையில நிப்பாட்ட ஏலாது. முடியட்டும்."

ஸெய்னுலாப்தீன் அவரைத் தள்ளிக்கொண்டு மேடைக்குப் போனான். பாப்பம்மாவின் காதருகே குனிந்து கத்தினான். "அக்கா! உங்கட லயம் போயிட்டு அக்கா!"

பாப்பம்மாவுக்குக் கேட்டது. இதையும் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். இந்தத் தம்பியின் குரலில் சொன்னால்தான் நமக்கு விளங்கும் என்று போட்டிருப்பார்கள். பதற்றப்படக் கூடாது, அதற்குப் புள்ளி குறைப்பார்கள். அவள் வலது பக்கம் திரும்பினாள். சிவப்புக் காருக்கு ஓடினாள். முட்டினாள். மணி அடித்தது. மண்டபம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. அவள் வாழ்க்கையில் யாரும் அவளுக்காக எழுந்து நின்றதில்லை. சிரித்துக்கொண்டே தலைக்கவசத்தைக் கழற்றினாள்.

எதிரே ஸெய்னுலாப்தீன் அழுதுகொண்டு நின்றான்.

பஸ் ரத்தோட்டைக்கு அப்பால் போகவில்லை. பாதை இல்லை. மழையில், சேற்றில், விழா உடுப்போடு எல்லாரும் மேலே ஏறினார்கள். மூங்கில்பாலத்தில் லயம் இருந்த இடத்தில் மண் இருந்தது. கீழே ஆறு வரைக்கும் மண். அரசாங்கப் பலகையைக் காணவில்லை.

ஆட்கள் கோயில் மேட்டில் இருந்தார்கள். தார்ப்பாயின் கீழ் நெருக்கியடித்துக்கொண்டு, குழந்தைகளை நடுவில் விட்டு, உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் குறையவில்லை. பாப்பம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனாள். அழகமுத்துவின் முகம் மட்டும் இல்லை.

ஒரு கிழவி சொன்னாள். "மண்ணு பொலபொலன்னு உதிர ஆரம்பிச்சிச்சு பாப்பம்மா. ஒம் புருசன் ஒலக்கைய எடுத்துக்கிட்டு லயம் பூரா கதவு கதவா இடிச்சிக்கிட்டு ஓடுனான். வா வெளிய, வா வெளியன்னு கத்துறான். சுருண்டு கெடந்த என்னையத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தான். மறுபடியும் ஓடுனான். கடைசிக் காம்பராவுல ஆளு இருக்கான்னு பாக்கத்தான் போனான். சொவரு விழுந்திருச்சு. உசுரு இருக்கு புள்ள, பயப்படாத. கம்பளியில வச்சுத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கானுக."

கடைசிக் காம்பராவில் ஆள் இருக்கவில்லை. அதில் இருந்தவர்கள் எல்லாரும் சித்தியடைந்து விழாவுக்குப் போயிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அழகமுத்துவின் வலது காலுக்கு முழங்காலுக்கு மேல்வரை மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். இனி மலைக்கு ஏற முடியாது என்று டொக்டர் சொன்னார். பாப்பம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் அங்க கார்ல போய் முட்டிக்கிட்டு நின்னேங்க" என்றாள். "எல்லாரும் கைதட்டுனாங்க. எங்க வீடு போனதுக்குக் கைதட்டுனாங்க. நான் சிரிச்சேன்."

"விடு புள்ள. ஒனக்கு என்ன தெரியும்" என்றான் அவன். அவள் விடவில்லை. பல நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் தியாகராஜா பத்திரிகைக்காரர்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். பழக்கூடை ஒன்றைக் கட்டிலில் வைத்து, படம் எடுத்து முடிந்ததும், பேசினார்.

"இங்க முக்கியமான ஒரு விசயத்தை நீங்கள் கவனிக்க வேணும். இவ்வளவு பெரிய மண்சரிவு. ஒரு உயிர்கூடப் போகேல்ல. ஏன்? பெரும்பாலான ஆக்கள் அந்த நேரம் எங்கட விழாவில இருந்தவை. இதுதான் எங்கட பயிற்சியின்ர நேரடிப் பலன். அடுத்தது, இந்த அழகமுத்து. பயிற்சியில இவர் ஒவ்வொரு முறையும் செத்தவர். உண்மையான சம்பவத்தில ஒரு கால் மட்டும்தான் முறிஞ்சிருக்கு. இந்த முன்னேற்றத்தை நீங்கள் எழுத வேணும்."

எழுதினார்கள். நிறுவகத்துக்குக் கொழும்பில் ஒரு விருதும் கிடைத்தது. ஸெய்னுலாப்தீனை மட்டும் வேலையால் நிறுத்தினார்கள். பயிற்சிக்கு இடையூறு செய்ததாகக் காரணம் சொன்னார்கள்.

லயத்து ஆட்களைத் தொரை, கொழுந்து நிறுக்கும் பழைய மடுவத்தில் விட்டார். தகரக் கூரை, பாதி ஓட்டை. சேலைகளைக் கட்டிக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு குடும்பம் இருமினால் எல்லாக் குடும்பமும் விழித்தது. தற்காலிகம் என்றார்கள். அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது.

அப்போது தியாகராஜா மறுபடி வந்தார். இம்முறை தொலைக்காட்சிக்காரர்களும் வந்தார்கள். மடுவத்தின் நடுவில் ஜெனரேட்டர் வைத்து, கம்ப்யூட்டர் வைத்து, அதே தலைக்கவசத்தைத் தொங்கவிட்டார்கள். 'மெய்நிகர் வீடமைப்புத் திட்டம்' என்று துணியில் எழுதிக் கட்டினார்கள்.

"பாதிக்கப்பட்ட மக்களுக்கு இண்டைக்கு வீடு கையளிக்கிறம்" என்றார் தியாகராஜா. "கட்டுறதுக்குக் காணி, அனுமதி எல்லாம் வர வேணும். அதுவரை மக்கள் காத்திருக்கத் தேவையில்லை. இப்பவே வீட்டுக்குள்ள போய்ப் பாக்கலாம். அனுபவமுள்ளவ எண்டபடியால் பாப்பம்மா முதல்ல வரட்டும்."

பாப்பம்மா மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து தலைக்கவசத்தை மாட்டினாள். வெள்ளைச் சுவர். பெரிய ஜன்னல். குசினியில் ஒட்டறை இல்லாத கூரை. குழாயைத் திறந்தால் தண்ணீர் ஓடும் சத்தம்கூட வந்தது. அவள் ஒவ்வோர் அறையாகப் போனாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எப்பிடி இருக்கு, அம்மா?" என்று கேட்டார் தியாகராஜா, கமெராவுக்கு முகத்தைக் காட்டியபடி.

"நல்லா இருக்குங்க. இது யாரு வீடுங்க?"

"உங்கட வீடுதான். உங்களுக்குக் கையளிச்சாச்சு."

கைதட்டினார்கள்.

"சரி, கழட்டுங்கோ. அடுத்த ஆள் பாக்க வேணும்."

பாப்பம்மா கழற்றவில்லை. "அடுத்த ஆளுக்கு வேற வீடு காட்டுங்க சார். இது எங்க வீடு."

தியாகராஜா சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

"ஏங்க" என்று பாப்பம்மா கூப்பிட்டாள். "உள்ள வாங்க. அங்க ஒழுகுது, நனையாதீங்க."

அழகமுத்து கோலை ஊன்றிக்கொண்டு எழுந்து வந்தான். அவளுக்குப் பக்கத்தில், மூட்டையின் மிச்ச இடத்தில் உட்கார்ந்தான். தலைக்கவசத்தின் வயரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். தலைவர் மாரிமுத்து அவர்களைப் பார்த்தார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, "குடி வந்திருக்காங்கல்ல, பால் காய்ச்ச வேணாமா? அடுப்பப் பத்த வைங்க" என்றார். கல்லடுப்பு பற்றியது. பால் வந்தது. ஒருத்தி பொட்டு வைக்கக் குங்குமமும் கொண்டு வந்துவிட்டாள்.

"அம்மா, விளையாடாதேங்கோ. அது அரசாங்கச் சொத்து."

"நாங்க வெளயாடலீங்க. நீங்கதானே குடுத்தீங்க."

"கழட்டுங்கோ எண்டுறன்!"

"எங்களக் கெளப்புறதுன்னா எங்க சார் போவோம்?"

தியாகராஜாவின் பொறுமை அறுந்தது. "அது வீடில்லை!" என்று கத்தினார். கை இரண்டையும் விரித்தார். "வெறும் படம்! அங்க சுவருமில்லை, கூரையுமில்லை, ஒரு மண்ணுமில்லை! உங்களுக்கு ஒரு வீடும் இல்லை! விளங்குதோ?"

தகரத்தில் மழை விழுந்தது. பாப்பம்மா தலைக்கவசத்தைக் கழற்றி, வயரைச் சுருட்டி, அவர் கையில் கொடுத்தாள்.

"இப்ப வெளங்குது சார்" என்றாள்.

மறுநாள் மாலை பெட்டிக்கடைத் தொலைக்காட்சியில் அந்தச் செய்தி வந்தது. தியாகராஜா வாயைத் திறந்து, கைகளை விரித்துக் கத்துவது தெரிந்தது, குரல் இல்லை. படத்தின் மேல் ஒரு பெண்குரல் வாசித்தது: "புதிய வீடுகளின் சிறப்பம்சங்களைப் பணிப்பாளர் உற்சாகத்துடன் விளக்கினார். பயனாளிகள் பால் காய்ச்சி மகிழ்ந்தனர். மூங்கில்பாலத் தோட்ட மக்களின் வீட்டுப் பிரச்சினை இத்துடன் தீர்ந்தது."

கடை வாசலில் நின்ற கூட்டம் கலைந்தது. போகிற வழியில் மாரிமுத்து அழகமுத்துவிடம் ஏதோ சொன்னார். அழகமுத்து பாப்பம்மாவிடம் சொன்னான்.

மறுநாள் காலை பிரட்டுக்கு ஒருவரும் போகவில்லை. பெரிய தொரையின் பங்களாவுக்குக் கீழே, கல் பாவி மட்டம் பண்ணிய டென்னிஸ் மைதானம் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரத் தொரைகள் போனபிறகு யாரும் விளையாடாத மைதானம். தோட்டத்திலேயே சரிவில்லாத தரை அது ஒன்றுதான். மரக்கம்பும் தகரமும் தார்ப்பாயும் சுமந்துகொண்டு லயத்து ஆட்கள் அங்கே இறங்கினார்கள். தொரை தேநீர் குடித்துவிட்டு வெளியே வந்தபோது பாதிக் குடிசைகள் நின்றுவிட்டன.

"என்ன இது? யாரைக் கேட்டுக் கட்டுறீங்க?" என்று தொரை கத்திக்கொண்டு இறங்கி வந்தார். மாத்தளைக்குத் தொலைபேசி எடுத்தார். தியாகராஜா மனதுக்குள் கணக்குப் போட்டார். மூங்கில்பாலத்தில் வீடு கையளித்தாயிற்று என்று நாடே பார்த்துவிட்டது. இப்போது அங்கே வீடு கட்டுகிறார்கள் என்று எப்படிச் சொல்வது? கட்டியதை இடித்தால், இடித்தது எது என்று யாராவது கேட்பார்களே? "கொஞ்சம் பொறுங்கோ, பாப்பம்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார். பிறகு ஒரு நாள் ஆள் அனுப்பி, அந்தக் குடிசைகளைப் படம் எடுத்து, நிறுவகத்தின் ஆண்டறிக்கையில் போட்டுக்கொண்டார்.

அது பிறகு நடந்தது. அன்று காலை தொரைக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது. தன் குடிசையின் வாசற்கம்பைக் கல்லால் அடித்து இறக்கிக்கொண்டிருந்த பாப்பம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"இது என்ன பாப்பம்மா, வீடா?"

பாப்பம்மா கல்லைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தொரையை நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்லீங்க தொர. பயிற்சி" என்றாள். மறுபடி கல்லை எடுத்தாள்.